இரும்புக்குத் திறந்த வாசல்

என் அக்கா புருஷனைப் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'நூல்' என்பார்கள். அவர் போடும் வெல்டிங் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். அந்தக் கையை நம்பித்தான் அக்கா வீட்டில் உலை கொதித்தது.

நான் இரத்த வங்கியில் ஊசி குத்துகிறவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே அவருக்குப் போன் போடுவேன். மனுஷன் மறுத்ததே இல்லை. "எறைக்கிற கெணறுதான் ஊறும், எடு மாப்ள!" என்று கையை நீட்டுவார். பதினெட்டு வருடம். ஒவ்வொரு தடவையும் விரலில் குத்தி ரத்த அளவு பார்த்தேன், சரியாகவே இருந்தது. உள்ளே சேமிப்பில் இருக்கும் இரும்பு வற்றுவதை அந்தச் சொட்டு காட்டாது.

நேற்று வந்தவரிடம், "என்ன மச்சான் உம்முனு இருக்கீங்க, அக்காகூட சண்டையா?" என்று சீண்டினேன்.

"சிரிச்சுக்கிட்டுதானே இருக்கேன்" என்றார்.

முகத்தில் ஒன்றும் அசையவில்லை. 

படிவத்தில் அவர் போட்ட கையெழுத்து எறும்பளவு இருந்தது. பழைய படிவங்களை எடுத்துப் பரப்பினேன். நாலைந்து வருடமாகவே தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் சரிபார்த்ததாக என் கையெழுத்து. பாவி, ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். என்ன வேலை, எத்தனை தடவை கொடுத்தார், இரண்டே கேள்வி கேட்டார்.

"சோதிச்சுதான் சொல்லணும். ஆனா செல்லுக்குள்ள இரும்பைக் கொண்டுபோக ஒரு புரதம் இருக்கு. இரும்பு கொறைஞ்சா உடம்பு அந்த வாசலை நெறைய திறந்து வெச்சிடும். வெல்டிங் புகையில வர்ற மாங்கனீஸும் அதே வாசல்ல நுழையும். மூளை வரைக்கும் போய் மொகத்தை எறுக வெச்சிடும், எழுத்தைச் சுருக்கிடும்."

"மருந்து இருக்குல்ல?"

"மருந்தும் ஒரு வாசல் வழியாத்தான் மூளைக்குப் போகணும். மருந்து உள்ள போயிடும். ஆனா இந்த நோய் அதுக்குப் பெருசா கேக்காது."

திரும்பி வந்தபோது அவராகவே கட்டிலில் படுத்துச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். பிடித்திருந்த ரப்பர் பந்து நடுங்கியது.

"வேணாம் மச்சான். இனிமே எடுக்க முடியாது" என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"போன மாசமே பட்டறையில வர வேணாம்னுட்டாங்க. உங்க அக்காவுக்குத் தெரியாது. இப்ப போன் போட்டு என்னைக் கூப்பிடறது நீ ஒருத்தன்தான் மாப்ள. நீயும் வேணாம்னுடாத."