அண்ணாவின் படையலில் ஹுவே நூடில்ஸ்

யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்தில் எங்கள் பெற்றோரின் மூத்த மகனாகப் பிறந்து, எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்கு அடுத்த வருடம் சுவிட்சர்லாந்தின் பாசலுக்கு வந்து, முப்பத்து நான்கு வயதில் எங்களை விட்டுப் போன என் அண்ணாவைப் பற்றி இந்த நினைவு மலரில் அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதும்படி என் கணவர் சொன்னார். ஆனால் ஒரு சாப்பாட்டை விட்டுவிட்டு அண்ணாவின் பாசல் வாழ்க்கையை எழுத எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

அண்ணா முதலில் தங்கிய அகதி முகாமின் சமையலறையில் பக்கத்து அடுப்பு மின் என்பவருடையது. படகில் தப்பி வந்த வியட்நாமியர், ஹுவே நகரத்தவர். பிறகு இருவரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினார்கள். ஞாயிறுகளில் மின் தன் ஊர் நூடில்ஸ் சமைப்பார். மாட்டிறைச்சி, பன்றிக்கால், புளிக்கவைத்த கூனி இறால் விழுது, எலுமிச்சைப் புல், செத்தல் மிளகாய். அதற்கு மேல் உறைந்த பன்றி இரத்தம், எங்கள் ஊர் இனிப்பான தொதல் போலத் துண்டு துண்டாக. எங்கள் வீட்டுப் படலைக்குள் மாட்டிறைச்சி வந்ததே இல்லை. நான் பாசலுக்கு வந்தபின் அந்தப் பானை எங்கள் வீட்டுக்கும் வரும். அண்ணா வியர்க்க வியர்க்க உறிஞ்சிக் குடிப்பார்.

"இதின்ரை உறைப்பு எங்கடை உறைப்படி. இதைக் குடிச்சாத்தான் நாக்குக்கு உயிர் வருகுது."

"எனக்குச் சத்திதான் வருகுது," என்பேன், வாயைப் பொத்தியபடி.

என்னை இங்கே அழைத்துக் கல்யாணம் செய்து வைத்தவர் அவர். என் விசாக் கடிதங்களோடு கந்தோர் கந்தோராக அலைந்தவர். ஆனாலும் மகள் பிறந்ததும் சொல்லிவிட்டேன்: "அண்ணை, அந்தப் பானை இஞ்சை வரக்கூடாது. பிள்ளை இருக்கிற வீடு."

அதற்குப்பின் மின் வீட்டில் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, சட்டை மாற்றித்தான் மருமகளைத் தூக்குவார். தலைமயிரில் மணம் மிச்சமிருக்கும். அவர் போனதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவேன்.

பிறகு அண்ணாவுக்கு வயிற்றில் நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோன சோறும் பருப்பும், இடியப்பமும் சொதியும் அப்படியே திரும்பி வந்தன. ஒரு மத்தியானம் மின் ஒரு பிளாஸ்கோடு வந்தார். அண்ணா பல நாட்களுக்குப் பின் தானாக எழுந்து உட்கார்ந்தார். மூடி திறந்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மகளோடு வெளியே ஓடினேன். பிள்ளைக்காக ஓடினேனா, எனக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை. திரும்பி வந்தபோது பிளாஸ்க் மூடியிருந்தது.

"சாப்பிடேல்லையோ?"

"பசிக்கேல்லை. நீ கிட்ட வந்து இரு."

அவருக்குப் பசித்தது. எனக்குத் தெரியும். அதன் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்குள் போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று, இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் சமைத்துப் படைப்போம். கணவாய்க் கறி, முட்டைப் பொரியல், வடை எல்லாம் செய்யத் திட்டமிட்டேன். இவை அண்ணாவுக்கு விருப்பமா, எனக்கு விருப்பமா என்று யோசித்து யோசித்துக் கடைசியில் ட்ராம் ஏறி மின் வீட்டுக்குப் போனேன். அந்த நூடில்ஸைப் படையலுக்குச் சமைத்துத் தர முடியுமா என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். அண்ணாவிடம் கற்ற இரண்டு சொற்களில் பதில் சொன்னார்: "ஓம், தங்கச்சி."

பானை வந்ததும் ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்திருந்த பெரியப்பா எழுந்துவிட்டார்.

"மாட்டைப் படையலிலை வைக்கிறியோ? உனக்கென்ன விசரோ?"

"அண்ணைக்கு விருப்பமானது இதுதான், பெரியப்பா. எனக்கும் அருவருப்புத்தான்."

"அப்ப ஏன் வைக்கிறாய்?"

"ஆஸ்பத்திரியிலை மூக்கைப் பொத்தினனான்."

நானே அள்ளி வைத்தேன். அகப்பையில் இரத்தத் துண்டு ஆடியபோது தொண்டைவரை வந்தது. மூக்கைப் பொத்தவில்லை. வைத்து முடித்தபின் குளியலறையில் போய்ச் சத்தி எடுத்தேன். படைத்ததை வீட்டார் பகிர்ந்து உண்பது முறை. மற்றதெல்லாம் முடிந்தது, அது மட்டும் அப்படியே இருந்தது. மின் அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் நின்றபடி தனியாகச் சாப்பிட்டார். நாங்கள் அவரை எங்களோடு பந்தியில் இருக்கச் சொல்லவில்லை. அந்த இரத்தத் துண்டைவிட அதுதான் இப்போது எனக்கு அதிகம் அருவருப்பாக இருக்கிறது.

அண்ணாவைப் பராமரித்த தாதிகளுக்கும், நொஷாட்டலிலிருந்தும் ஷாஃப்ஹவுசனிலிருந்தும் வந்து தோள் கொடுத்த உறவினருக்கும், எல்லோருக்கும் மேலாக மின் அண்ணைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று முப்பத்தோராம் நாள், மரக்கறிச் சாப்பாடுதான். மின் அண்ணையும் பந்தியில் இருப்பார். அவருடைய குளிர்ச்சட்டையில் அந்த மணம் இருக்கும். எனக்குக் குமட்டும். அவருக்குப் பக்கத்தில், மகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் இருப்பேன்.