ஐந்து நாள் வந்த ஆவுளியா

பாம்பன் கரையில் ஆவுளியா என்பதைப் புத்தகத்தில் கடல்பசு என்று எழுதுவோம். பசுவைப் போலக் கடலடியில் புல் மேயும், குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கும். அவை ஒன்றையொன்று அடையாளம் வைத்திருக்கின்றனவா, நடந்ததை நினைவில் கொள்கின்றனவா என்று அறிய, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் மூன்று வருடம் அங்கே இருந்தேன். நினைவில் கொள்கின்றன. அதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை முழுதாக நான் எங்கும் எழுதியதில்லை.

எனக்கு வல்லம் ஓட்டியவர் கத்தோலிக்க மீனவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வலையில் ஓர் ஆவுளியாக் குட்டி சிக்கியது. அதைக் கேட்டு வாங்கி, கரையில் எங்கள் ஆராய்ச்சிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் விட்டேன். அண்ணனின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"கறியாக்குனா ஒரு தெருவுக்கே பத்தும். சாரு இதுக்குப் பள்ளிக்கூடம் வைக்கப் போறாராக்கும்."

மறுநாள் வல்லத்தில் போனோம். குட்டி சிக்கிய இடத்திலேயே தாய் நின்றது. அதன் முதுகில் இருந்த வெள்ளைத் தழும்பை, வலையை இழுத்தபோதே அண்ணன் பார்த்து வைத்திருந்தார். மூச்சு விட மேலே வரும், மூழ்கும், மறுபடி அதே இடத்தில் வரும். மேயவில்லை. வியாழனும் வந்தது. வெள்ளியும் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழு நாள் பார்த்துவிட்டால் தற்செயல் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

தொட்டியில் குட்டி எதையும் தொடவில்லை. புட்டியில் ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. சுவரோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் தண்ணீருக்குள் கையை விட்டு அதன் தலையைத் தடவிவிட்டு, "தேடுது சார்" என்றார்.

நான் நோட்டில் 'உணவு தேடுகிறது' என்று எழுதினேன். இன்னும் இரண்டு கூடை கடல்புல் பறித்துவரச் சொன்னேன். விலங்குக்கு மனம் இருப்பதுபோல ஒரு சொல்லும் குறிப்பில் வரக்கூடாது என்று சென்னையில் என் பேராசிரியர் பழக்கியிருந்தார். ஆனால் பழியை அவர்மேல் போட முடியாது. நான் அபிராமத்துக்காரன். பிள்ளை தேடுது என்றால் ஏங்குகிறது என்றுதான் எங்கள் பக்கத்திலும் பொருள். அதே வாரம் என் மனைவி ஊரிலிருந்து எழுதியிருந்தாள், பிள்ளை உங்களைத் தேடி இளைத்துவிட்டான் என்று. கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. தெரிந்தேதான் எழுதினேன்.

சனிக்கிழமை, மறுநாளும் கடலுக்குப் போக வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை, அந்த ஊரில் ஒரு வல்லமும் இறங்காது. ஆனாலும் அண்ணன் ஒத்துக்கொண்டார்.

"பூசை முடிஞ்சு வாரேன் சார். வலை இல்லாமப் போனா சாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அப்பிடியே குட்டியையும் ஏத்திக்கிருவம். ஆத்தாகிட்ட விட்டுட்டு வந்துரலாம்."

"ஏழு நாள் ஆகட்டும்ணே."

"ஏழு நாள்ல என்ன சார் புதுசாத் தெரியப்போகுது?"

"அதுக்கு நெசமாவே ஞாபகம் இருக்கான்னு தெரியும்."

"ஞாபகம் இல்லாமத்தான் நாலு நாளா அங்கன நிக்கிதாக்கும்" என்றார்.

பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடே வந்தார். குட்டியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. ஆனால் அதைச் சுற்றித் தூக்குவதற்கான கோணியை நனைத்து வல்லத்தில் போட்டு வைத்திருந்தார். நான் அதை எடுத்துக் கரையில் வைத்தேன்.

தாய் அங்கே இருந்தது. நேரம் குறித்தேன். அன்று, அதுவரை இல்லாத அளவுக்கு நெருங்கி, வல்லத்தை ஒட்டியே வந்து மூச்சு விட்டது. அந்த ஈரம் என் நோட்டில் விழுந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை.

நாங்கள் கரைக்கு வந்தபோது குட்டி தொட்டியின் மூலையில் அசையாமல் மிதந்தது.

திங்கட்கிழமை காலையில் அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். "இன்னைக்கும் நிக்கிது சார். வாரீகளா?"

தலைவலி என்றேன். செவ்வாய்க்கிழமையும் கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் வேறு வல்லம் அமர்த்திக்கொண்டு தேவிபட்டினத்துப் பக்கம் வேலை பார்க்கப் போய்விட்டேன்.

தாய் ஐந்து நாள் வந்தது என்று என் கட்டுரையில் இருக்கிறது. எனக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரை அது. ஏழு நாள் என்று தொடங்கியது ஏன் ஐந்தில் நின்றது என்று கேட்டவர்களிடம், காற்று மாறிவிட்டது என்று சொன்னேன். காற்று மாறவில்லை. அந்த வாரம் முழுதும் கடல் சலனமில்லாமல் கிடந்தது. தாய் எத்தனை நாள் வந்தது என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. இந்த வயதில், அது ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.