அஞ்சு பேருக்கு ஒரு கம்பளி

அந்தக் கூப்பனில் கார்பாலிக் வாடை அடித்தது. ரோஸ் நிறக் காகிதம். நடுவில் ஒரு கைக்கடிகாரப் படம், அதைச் சுற்றிக் கதிர் வீசும் கோடுகள். தோட்ட ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஞானமுத்து அதை மருந்து அலமாரியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை பட்டால் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது...

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் அப்போது நான் சின்னக் கிளாக்கர். இங்கிலீஷ் பரீட்சையில் திறமைச் சித்தி பெற்றவன். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பெரிய கிளாக்கர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தினமும் காலையில், தோட்டத் துரையின் காதில் விழும்படி, "தம்பி, மணி என்ன?" என்பார்.

என் கையில் கடிகாரம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதற்காகவே கேட்பார்.

ஆகவே எனக்கு ஒரு கைக்கடிகாரம் வேண்டியிருந்தது. என் சம்பளத்தில் வாங்க முடியாது. கூப்பனில் முடியும் என்றார் ஞானமுத்து.

"ரொம்ப லேசு தம்பி. என்கிட்ட ஒண்ணு வாங்கி, காசோட கொழும்புக்கு அனுப்புங்க. அவங்க அஞ்சு கூப்பன் அனுப்புவாங்க. அத அஞ்சு பேருக்கு வித்துடுங்க. அந்த அஞ்சு பேரும் இதே மாதிரி அனுப்பிட்டா, உங்களுக்குக் கடிகாரம் வந்துரும். அப்புறம் அவங்களுக்கும் வரும். அவங்களுக்குக் கீழ உள்ளவங்களுக்கும் வரும்..."

"எல்லாருக்கும் வந்தா, கடைசியில யாருங்க காசு குடுக்கிறது?"

"படிச்சவங்ககிட்ட இதுதான் தொல்ல" என்றார்.

நான் அவருடைய ஐந்தாவது ஆள்.

என்னுடைய ஐந்து கூப்பன்களும் தபாலில் வந்தன. கொழுந்து நிறுக்கும் இடத்தில் முதலாவதைப் பழனியம்மாவிடம் நீட்டினேன். அந்த மலையில் அவளைவிட வேகமாகக் கொழுந்து பறிப்பவள் கிடையாது. அவளைவிட வேகமாகப் பேசுபவளும் கிடையாது. காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இது துண்டுதானே ஐயா? எங்கப்பாவ இந்தத் தோட்டத்துக்குக் கூட்டியாந்தப்ப கங்காணி கையில இப்பிடித்தான் ஒண்ணு இருந்திச்சாம்."

முன்னாளில் ஆட்களைத் தோட்டம் மாற்றிக் கூட்டிப் போவதற்குக் கங்காணி வைத்திருந்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு யார் கையிலோ, ஆள் அவருடைய ஆள்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றேன், விற்கிற அவசரத்தில். படித்த படிப்புக்கு, என் வாயிலிருந்து வந்த மிக மோசமான விளக்கம் அதுதான்.

அரை மணி நேரத்தில் மற்ற நான்கையும் அவளே தன் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களிடம் விற்றுக் கொடுத்துவிட்டாள். நான் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து பேரும் என் வாசலில் நின்றார்கள்.

"என்ன, கொழும்புக்கு அனுப்பியாச்சா?" என்றேன்.

"அதெல்லாம் நீங்க பாத்துக்கங்க கங்காணி" என்றாள் பழனியம்மா. "மொதல்ல குழாயடிக்கு வாங்க. மேல் லயத்துக்காரி எங்கள முந்திக்கிட்டே இருக்கா, என்னான்னு கேளுங்க."

கங்காணி! எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அப்புறம் கம்பளி. மழ வரப்போகுது. துண்டு வச்சிருக்கிற கங்காணிதானே கம்பளி குடுக்கணும்?"

சீமெந்துத் தரையில் சோக்கால் வட்டம் போட்டு விளக்கினேன். மேலே நான். எனக்குக் கீழே ஐந்து. ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்தைந்து. அவள் வட்டங்களைக் கவனமாகப் பார்த்தாள்.

"எங்க அஞ்சு பேரு தலைக்கு உங்களுக்குக் கடிகாரம். எங்களுக்கு வேணும்னா நாங்களும் ஆளுக்கு அஞ்சு தலையப் புடிக்கணும். அப்பிடித்தானே?"

"அதேதான்!"

"அப்ப இது தலைக்காசு."

ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணி தோட்டத்தில் வாங்கிய பணம் அது.

"எங்க தலையக் காட்டிக் காசு வாங்குனவன எங்கம்மா சாகுற வரைக்கும் மண்ண வாரித் தூத்துச்சு. அதே வாத்தைய நான் அஞ்சு பேருகிட்ட வாங்கிக் கட்டிக்கவா? நல்லாருக்கே கதை! எங்களுக்குக் கங்காணி நீங்க ஒருத்தரே போதும். கம்பளி எப்பத் தருவீங்க?"

ஒருவரும் கொழும்புக்கு அனுப்பவில்லை. என் கடிகாரம் அந்த வட்டங்களோடு அழிந்தது.

அவர்கள் கொடுத்த காசையெல்லாம் திரட்டித் தலவாக்கலைக் கடையில் கம்பளி கேட்டேன். ஒன்றுதான் வந்தது. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். தன் முறையில் வெயிலடித்துவிட்டால் அந்தச் சண்டையும் என் வாசலுக்கே வரும். "கங்காணி, போன வாரம் மழையே இல்ல, செல்லாது!" என்பார்கள்.

ஞானமுத்துவுக்கு மட்டும் கடிகாரம் வந்தது, என் புண்ணியத்தில். முதல் மழைக்கே கண்ணாடிக்குள் நீராவி படிந்து, நாலு பத்தில் நின்றுபோனது. மனிதர் கழற்றவில்லை. நான் தினமும் ஆஸ்பத்திரிப் பக்கமாகப் போய், நாலு பேர் இருக்கும்போது, "டாக்டர் ஐயா, மணி என்னங்க?" என்று கேட்பேன். அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த லாபம் அதுதான். குறையாத லாபம்.

இப்போது என் கையில் சொந்தக் கடிகாரம் இருக்கிறது. பெரிய கிளாக்கர் நாற்காலிதான் கிடைக்கவில்லை. அங்கே அவருடைய மருமகன் உட்கார்ந்திருக்கிறான். பழனியம்மா போன வருஷம் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். புறப்படுவதற்கு முதல் நாள் வந்து, நூல் நூலாய்ப் போயிருந்த கம்பளியை மடித்துக் கொடுத்தாள்.

"அங்க ஒரே வெயிலாமே. நீங்களே வச்சுக்கங்க கங்காணி."

போன வாரம் டை கட்டிய ஓர் இளைஞன் கூப்பனோடு வந்தான். இந்த முறை டிரான்சிஸ்டர். ஐந்து பேர் போதாது, பத்துப் பேர்.

"உங்கள இதுல சேத்துவிட்டது யாரு தம்பி?"

"தெரியாதுங்க சார். எல்லாம் தபால்லதான்."

அப்போது அந்த ஐந்து பேருக்குப் போய் நிற்பதற்கு ஒரு வாசலாவது இருந்தது...

உட்காரப் போனவன் நாற்காலியில் கிடந்த கம்பளியைத் தூக்கிப் பார்த்தான்.

"இது என்ன சார்?"

"கூப்பன்ல வந்தது" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா சார், நெசமாவே வருது!"