மச்சானின் கால் கட்டைவிரல்

டாக்டர் மச்சானின் உள்ளங்காலில் குண்டூசியால் குத்தினார். "ஆ!" என்று அலறியது நான். கட்டிலில் கிடந்த மச்சான் என்னைப் பார்த்துவிட்டு, "டாக்டர், என் வலி அங்க போவுது பாருங்க" என்றார். வார்டே சிரித்தது.

மச்சான் என் அக்காவின் கணவர். அன்று காலை திருமலைராயன்பட்டினக் கரையில், பழுது பார்க்க ஏற்றி வைத்திருந்த படகின் விளிம்பிலிருந்து மல்லாக்க விழுந்திருந்தார். ஊரையே சிரிக்க வைக்கும் என் வாயிலிருந்து அப்போது வெறும் காற்றுதான் வந்தது. வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஓடினோம். எங்கள் பக்கத்தில் யார் விழுந்தாலும் தூக்கி உட்கார வைத்துச் சோடா கொடுப்பதுதான் முதல் வைத்தியம். "அசைக்காதடா மாப்ளே, முதுவுல என்னமோ பண்ணுது" என்றார் மச்சான். அவருடைய வலது கால் கட்டைவிரல் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தேன். பயத்தில் காதுதான் வேலை செய்யவில்லை. அக்குளில் கைகொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி உட்கார வைத்தேன். சோடாவைப் பாதி அவர் வாயிலும் பாதி என் சட்டையிலும் ஊற்றினேன். விரல் நின்றுவிட்டது.

டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். முதுகெலும்புக்குள் சுண்டுவிரல் பருமனில் ஒரு தண்டு. மூளையின் உத்தரவு காலுக்கு இறங்கும் தடம் அதில் தனி, தொடுவதை மேலே சொல்லும் தடம் தனி. வலியைச் சொல்லும் தடமோ தண்டுக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே எதிர்ப்பக்கம் தாவி ஏறுமாம். உடைந்த எலும்பு நகர்ந்தால் எல்லாத் தடமும் சேர்ந்து நசுங்கும்.

"விழுந்ததும் உட்கார வெச்சீங்களா?"

"யாரோ வெச்சாங்க சார்."

அந்த யாரோவின் சட்டையில் சோடா இன்னும் காயவில்லை.

இப்போது தெருவில் யார் விழுந்தாலும் "தொடாதீங்க!" என்று முதலில் கத்துகிறவன் நான்தான். டாக்டர் வந்துட்டாருப்பா என்று கேலி செய்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

மச்சான் நாலு வருஷம் படுக்கையில் இருந்தார். தினமும் போய் அவரைச் சிரிக்க வைத்தேன். வேறு எதற்கும் எனக்குத் துப்பில்லை. படுக்கைப் புண் முற்றிக் காய்ச்சலில் கிடந்த கடைசி வாரம், அக்கா கொல்லைப்பக்கம் போயிருந்த நேரத்தில் கேட்டார்: "மாப்ளே, நீ தூக்குறதுக்கு முன்னாடி என் கால் அசைஞ்சுச்சாடா?"

வாய் கூசாமல் புளுகியே வளர்ந்தவன் நான். அன்று அந்த ஒரு புளுகுக்கு மட்டும் வாய் கூசியது. "இல்ல மச்சான். விழுந்த ஒடனே அசைவே இல்ல."

மச்சான் கொல்லைப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சரிதான். உங்கக்கா கேட்டாலும் இதையே சொல்லு. நானும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."