ஞாயிற்றுக்கிழமைகளில் புரோகிராம் வாசித்தோம்

தொண்ணூறுகளின் நடுவில் தோழிகளான நானும் அவளும் ஒரே பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சொல்லிக்கொடுத்தோம். நான் ராஜபாளையத்தில் பஸ் ஏறுவேன், அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில். அவளுடைய அப்பா, அவர்கள் வீட்டு வழக்கில் அத்தா, முன்பே இறந்துவிட்டார். அண்ணன் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். அந்தத் தெருவில் பி.இ. முடித்த முதல் பெண் அவள்தான் என்று அவள் அம்மா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போது லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் எங்கள் பக்கத்துக்கு ஃபிளாப்பிகளில்தான் வரும். யாராவது பெங்களூர் போனால் ஒரு கட்டு வெற்று ஃபிளாப்பி கொடுத்தனுப்புவோம். திரும்பி வருவதில் ஒன்று கெட்டிருந்தாலும் மொத்தக் கட்டும் வீண். வெயிலும் மில் பஞ்சும் சேர்ந்த ஊரில் கெடாமல் இருப்பதுதான் அபூர்வம். அவளுடைய ஆராய்ச்சி அந்த எரிச்சலில் பிறந்தது. பெரிய கோப்பைப் பல ஃபிளாப்பிகளில் பிரித்து எழுதும்போதே உபரியாக ஒன்றிரண்டை எழுதிவைத்துவிட்டால், கெட்டுப்போனதை மிச்சத்திலிருந்து கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். அந்தக் கணக்கு பழையதுதான். எங்கள் லேபில் இருந்த மந்தமான மெஷினிலும் ஓடுகிற அளவுக்கு அதைச் சிறிதாக எழுதியது அவள் கெட்டிக்காரத்தனம். அதை வைத்தே மதுரையில் ஒரு பேராசிரியரிடம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தாள்.

புரோகிராமின் மூல நிரலை அப்படியே உலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னதும் அவள்தான்.

"லினக்ஸ நாம ஓசியிலதானட்டி வாங்குனோம்? வாங்குனா குடுக்கவும் வேணும்லா?"

கல்லூரியில் ஒரு மோடம் இருந்தது. காலையும் மாலையும் டெலிபோன் லைன் வழியாக மெயில் போய்வரும். ஓர் இணையக் குழுவுக்கு அதை அனுப்பினாள். முன்பின் தெரியாதவர்கள் எடுத்து ஓட்டிப் பார்த்து எழுதினார்கள். நார்வேக்காரர் ஒருவர் அவள் எழுதிய ஒரு பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாதி நீளத்தில் வேறு எழுதி அனுப்பினார். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. சில நாள் அதைத் தொடவே இல்லை. பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம்.

"அந்தாளு சொல்றதுதான் சரி" என்றாள். "இத நமக்கு எந்தக் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்க?"

அந்த ஒரு வருஷம் நன்றாக இருந்தது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மாலைக்கண். பொழுது சாய்ந்தால் பஸ் நிற்கும் இடம்வரை என் கையைப் பிடித்துக்கொள்வாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் பிறகு பகலிலேயே பெஞ்சில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். வகுப்பில் ஓரத்தில் இருப்பவர்கள் கையைத் தூக்கினால் தெரியவில்லை. பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருநாள் அவள் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒருவன் ஸ்டூலைச் சத்தமில்லாமல் அவளுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தான். அவள் விழுந்த சத்தமும் அதைத் தொடர்ந்த சிரிப்பும் பக்கத்து வகுப்பிலிருந்த எனக்குக் கேட்டன.

மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அவளோடும் அவள் அண்ணனோடும் நானும் போனேன். டாக்டர் எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு, "அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார்.

"ஆமா. அம்மா அத்தாவுக்கு மாமா மக" என்றார் அண்ணன்.

டாக்டர் தலையாட்டினார். விழித்திரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அழிந்துகொண்டு வருகிறது, இதற்கு மருந்து கிடையாது, வேறு வேலைக்கு இப்போதே யோசிப்பது நல்லது என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன், "சென்னையில பெரிய ஆஸ்பத்திரி இருக்காம். பாப்போம்" என்றார்.

"ஒரு டாக்டர் சொன்னது போதும்ணே" என்றாள் அவள். 

அந்தச் சமயத்தில்தான் போலந்திலிருந்து ஒரு மாணவனின் மெயில் வந்தது. பல மாதம் அளந்து சேர்த்த ஆய்வு விவரங்களை இவள் புரோகிராமால் ஃபிளாப்பிகளில் எழுதிவைத்துவிட்டு, மெஷினில் இருந்ததை இடம் வேண்டுமென்று அழித்திருக்கிறான். ஒரு ஃபிளாப்பி கெட்டது. மீட்டுப் பார்த்தால் எல்லாம் குப்பையாக வந்தது. திட்டவில்லை, மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். எங்கே தப்பு என்று பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தான்.

"நம்மள நம்பித்தானட்டி அழிச்சிருக்கான்" என்றாள்.

அதற்குள் திரையில் ஒரே நேரத்தில் நாலைந்து எழுத்துக்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது என்றாள். நான் புரோகிராம் முழுவதையும் கல்லூரி பிரிண்டரில் அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். மாடி அறையில் உட்கார்ந்து, அடைப்புக்குறியை வளைவு என்றும் கவுண்டரை எண்ணி என்றும் தமிழாக்கி வாய்விட்டு வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

"வளைவு திற. எண்ணி பூச்சியம். எண்ணி நீளத்தவிடக் குறைவா இருக்கவரைக்கும்..."

"இரு. எந்த நீளம்? மொத்தக் கோப்போட நீளமா, துண்டோட நீளமா?"

"துண்டு."

"சரி, போ."

அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு செத்த நேரம் நின்று கேட்பார். "என்ன பாஷைம்மா இது? தமிழ் மாரியும் இருக்கு, இல்லாத மாரியும் இருக்கு" என்பார். கீழே இறங்கும்போது என்னிடம் மட்டும் தணிந்த குரலில், "அவிய அத்தா இருந்தா இதத் தாங்க மாட்டாக" என்றார்.

ஞாயிறு ஞாயிறாக வாசித்தோம். தப்பு அகப்படவில்லை. குழுவில் கேட்டுவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் மறுத்தாள். "அவனோட உழைப்பு வீணானது என்னால. நான்தான் கண்டுபிடிக்கணும்." ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கே நம்பிக்கை விட்டுப்போனது. ஒரு பக்கம் முன்னால் கேட்டதை மறந்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொல்வாள். ஒருநாள் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில், "போதும்ட்டி. குழுவுல போடு. யாராச்சும் பாக்கட்டும்" என்றாள்.

அந்த வாரமே பதில் வந்தது. எழுதியவர் பிரேசிலில் ஒரு பெண். கடைசி ஃபிளாப்பி மட்டும் நிறையாமல் பாதியில் முடிந்தால், மிச்ச இடத்தில் பழைய குப்பை கிடக்கிறது; கணக்கு அதையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டே வரியில் திருத்தம். நான் வாசித்துக் காட்டினேன். அவள் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

"சரிதான்" என்றாள். "அந்த எடத்த நாம எத்தனை தடவை தாண்டிப் போயிருக்கோம்."

போலந்து மாணவனுக்கு அந்தத் திருத்தத்தை அனுப்பினோம். கெட்ட ஃபிளாப்பியை அவன் ஏற்கெனவே எறிந்திருந்தான். மற்றவற்றிலும் வேறு ஒன்று போய்விட்டதாம், இனி மீட்க வழியில்லையாம். நன்றி என்று முடித்திருந்தான்.

அந்தக் கல்வியாண்டு முடிவில் முதல்வர் அவளைக் கூப்பிட்டு, பெற்றோர்கள் புகார் சொல்வதாகவும் அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் கௌரவமாக இருக்கும் என்றும் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். மதுரைப் பேராசிரியர் நல்லவர், ஆள் வைத்துக்கொண்டு ஆய்வை முடிக்கலாம் என்றார். நானும் கெஞ்சினேன்.

"படிக்க ஒரு ஆளு, எழுத ஒரு ஆளு. பொறவு அது யாரு ஆராய்ச்சி?" என்றாள்.

குழுவுக்கு அவள் சார்பில் கடைசி மெயிலை நான்தான் எழுதினேன். இனி இதைக் கவனிக்க முடியாது, விரும்புகிறவர்கள் எடுத்து நடத்தலாம் என்று.

"காரணம் என்ன எழுத?"

"நேரமில்லன்னு எழுது. எல்லாரும் அப்படித்தான எழுதுறாங்க. கண்ணு போச்சுன்னு எழுதாத."

அப்படியே எழுதினேன். நார்வேக்காரர் பதிலில், நேரம் கிடைத்தால் திரும்பி வாருங்கள் என்றார்.

பார்வையற்றோருக்கான ஒதுக்கீட்டில் அண்ணன் அலைந்து திரிந்து அவளுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் வாங்கிக் கொடுத்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். பேசி முடித்தவர்கள் பில்லை வாசித்துச் சொல்லிக் காசு கொடுப்பார்கள். சிலர் குறைத்துச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கேட்க மாட்டாள்.

தொண்ணூறுகள் முடிகிறபோது எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொண்டு போக பூத்துக்குப் போனேன். திரையில் இருப்பதைப் பேசிக்காட்டும் இலவச மென்பொருள் லினக்ஸில் வந்துகொண்டிருப்பதைப் பற்றிச் சொன்னேன். அதற்குத் தேவையான, குரல் எழுப்பும் கருவியை வாங்க எங்கள் இருவராலும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் ஆர்வம் காட்டவில்லை.

சில்லறையை அடுக்கிக்கொண்டே அவளே கேட்டாள். "அந்தப் புரோகிராம இப்ப யாரு பாத்துக்கிடுதா?"

"அந்த பிரேசில்காரிதான். நெறய பேரு பயன்படுத்துதாங்க. நீ எழுதுனதுல முக்கால்வாசிய மாத்திட்டாங்க."

"மாத்தத்தான் வேணும்" என்றாள்.

வெளியே ஒருவர் கதவைத் தட்டினார். துபாய்க்குப் பேச வேண்டுமாம். அவள் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு ஒதுங்கி அவருக்கு வழி விட்டாள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய்வருகிறேன் என்று சொன்னேன். உள்ளே போனில் அவர் போட்ட சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.