பிரட்டுக்கு ஊத மாட்டான்

பியூகிள் என்ற ஊதுகுழலில் அழுத்துவதற்கு விசைகள் கிடையாது. ஆகவே பிழையை எதன் மீதும் சுமத்த முடியாது. எல்லாம் உதட்டின் பொறுப்பு. பிற்காலத்தில் அரசாங்க சேவையில் நான் கையாண்ட எந்தக் கருவியும் இவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

கண்டியில் நான் படித்த பாடசாலையின் மாணவர் படையான கடேற் அணியில் அதை என்னிடம் கொடுத்தார்கள். பொறுப்பாசிரியர் யாழ்ப்பாணத்தார். "கன்னத்தை உப்பாதையும் தம்பி, சொண்டை இறுக்கிப் பிடியும்." சொண்டு என்றால் அவர்கள் பேச்சில் உதடு; மொத்தப் பாடமும் அவ்வளவுதான். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு கன்றைத் தொலைத்த பசுவின் குரல் வந்தது. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு ஊத, பியூகிள் பழகிய எங்கள் இருவரில் ஒருவரைத் தெரிவு செய்வார்கள் என்று அறிந்ததும், அந்த இடம் எனக்குத்தான் என்று தீர்மானித்தேன். எங்கள் குடும்பத்துக்கு இன்னும் கிடைக்காத பிரஜாவுரிமைக்கான மனு அப்போது எந்த அரசாங்கக் கந்தோரில் தூங்கிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

வகுப்பு முடிந்தால் பாடசாலையைப் பூட்டிவிடுவார்கள். எனவே முறைப்படி அனுமதி பெற்று பியூகிளை ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு ஞாயிறு காலை தேயிலை மலையில் ஏறி ஊதினேன். எத்தனையோ நாளாக வழுக்கிக்கொண்டிருந்த மேல் சுரம் அன்றுதான் நேராக நின்றது. திரும்பிப் பார்த்தால் பெண்கள் கூடைகளோடு ஓடி வருகிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் காலைப் பிரட்டுக்கு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்கு, கூப்பிடுவது கொம்பு ஊதித்தான். ஞாயிற்றுக்கிழமை கொம்பு கேட்டால் அன்றைக்கே கூலி தரும் கைக்காசு வேலை இருக்கிறது என்று அர்த்தம். பிந்தினால் கொழுந்து நிறைந்த நல்ல நிரை கிடைக்காது.

"எந்த மலைடா?" என்று மூச்சிரைக்கக் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பார்த்தார். "அட பாவி! ஒலையில அரிசியப் போட்டுட்டு ஓடியாறேன். ஒருநா சோறாக்கவும் விட மாட்டியா?"

சாயந்தரம் கணக்கப்பிள்ளை எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். வேலைத்தலத்தில் எல்லோரையும் விரட்டுகிற மனிதர், அன்று கோபப்படவில்லை.

"ஒங்க மவன் நல்லாத்தான் ஊதுறான். ஆனா சனம் கொழம்புது. பேசாம காலம்பர பெரட்டுக்கு அவனையே ஊதச் சொல்லுங்க. தொரைக்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அவனுக்கும் பழகுன மாதிரி இருக்கும்."

நிர்வாக ரீதியில் குறையே சொல்ல முடியாத ஏற்பாடு. தினமும் பயிற்சி, திறந்த வெளி, குழப்பத்துக்கு இடமே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்:

"வேணாங்கய்யா. எம்மவன் பெரட்டுக்கு ஊத மாட்டான்."

"ஏன்யா, கொழுந்தா பறிக்கச் சொல்றேன்? ஊதத்தானே சொல்றேன்."

"இவன் ஊதி இவங்க ஆத்தா மலைக்கு ஏறணுமா? அது வேணாங்கய்யா."

அதோடு, சனம் குழம்பக்கூடாது என்று பியூகிளுக்குத் தோட்டத்தில் தடை வந்தது. வாய்த்துண்டை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பழகினேன். "தம்பிக்கு வயித்து வலியா?" என்று கொண்டக்டர் கேட்டார். வாய்த்துண்டில் உதடு கொஞ்சம் பழகும்; மேல் சுரத்தைப் பிடித்து நிறுத்த முழுக் குழலும் வேண்டும். தெரிவு நாளில் அந்தச் சுரம் நடுவில் பிளந்தது. மற்றவனைத் தெரிவு செய்தார்கள். நியாயமான முடிவுதான்; நானாக இருந்தாலும் அப்படித்தான் ஒப்பமிட்டிருப்பேன்.

கொடியேற்றம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பய நல்லா ஊதுனானா?"

"ஊதுனான்."

"ம்," என்றவர், பிடியைத் தரையில் தட்டி இறுக்கினார். இறுகிய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

சேவையில் எத்தனையோ மேன்முறையீடுகளுக்கு நான் குறிப்பு எழுதியிருக்கிறேன். அப்பாவின் முடிவை மாற்றி எழுத எனக்கு இன்றும் மனமில்லை. ஆனால் அன்று வாசலில் என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊதுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.