மணிலாவிலிருந்து வந்த தங்கச்சி

இன்று மாலை இங்கிலீஷ் வகுப்பில் நான் ஒரு குழந்தைக்குத் தாய்மாமன் ஆனேன்.

திருவொற்றியூரில் என் கயிற்றுக்கடை மாடியில்தான் வகுப்பு. டீச்சர் போர்டில் மதர், சிஸ்டர், பிரதர் என்று எழுத, கடல்காற்றில் எனக்குக் கண் சொக்கியது.

என் பக்கத்து இருக்கையில் மீன் விற்கும் செல்வியம்மா, அவரும் படிக்கிறார். கப்பலில் வேலை பார்க்கும் அவர் மகன் மணிலாவில் கட்டிய பெண், குழந்தையோடு வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து.

"மருமவளுக்குக் கூடப் பொறந்தவன் இல்ல நைனா. தாய்மாமன் மடி இல்லாம எப்டி காது குத்தறது? பிரதர்னு எயுதிகினே கீறியே, நீ வந்து குந்தேன்."

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. சிஸ்டர் என்று எழுதிவிட்டு, பார்க்காத மணிலாவில் கொஞ்ச நேரம் நடந்து வந்தேன்.

குழந்தை அழுதால் இங்கிலீஷில் எப்படித் தேற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வியாபாரியாச்சே, பேசித்தான் ஒப்புக்கொண்டேன்: தங்கத் தோடு என் செலவு, வஞ்சிரக் குழம்பு அவர் செலவு, மடி இலவசம்.